உடைந்தது ஒரு பார்ட்டிஷன், அழிப்பது ஏன் முழு டிஸ்க்கை?

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்குப் போகும்போது அப்கிரேட் பாதியில் நின்றுவிட்டது, ஆன் செய்தால் கறுப்புத் திரை. இப்படி யாராவது கேட்டால் உடனே வருகிற பதில், "ஃபார்மேட் பண்ணிட்டு புதுசா போட்டுடுங்க" என்பதுதான். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கிற கணினிக்கு இது பொறுப்பில்லாத பதில். கேட்பவர் பெரும்பாலும் மாணவராகவோ வீட்டிலிருந்து வேலை செய்பவராகவோ இருப்பார். அவர் இன்ஸ்டாலரைத் திறந்து 'இரேஸ் டிஸ்க்' (டிஸ்க்கை முழுதாக அழி) என்ற தேர்வை அழுத்தினால் விண்டோஸ், குடும்பப் படங்கள், ஆய்வேடு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

என் கருத்து இதுதான். பழுதுபார்க்க ஒரு மணி நேரம் கொடுங்கள். சரியாகவில்லை என்றால் தயங்காமல் மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். ஆனால் லினக்ஸ் இருக்கிற அந்த ஒரு பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் அந்தப் பிரிவை, மட்டும் தொடுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் முதலில், ஆன் செய்ததும் எந்த இயங்குதளம் என்று கேட்கும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) தேர்ந்து பாருங்கள். புதிய கெர்னலுக்கு என்விடியா டிரைவர் சேராமல் போனதுதான் சிக்கல் என்றால் பழையதில் சாதாரணமாகத் திறந்துவிடும். திறந்தால், பாதியில் நிற்கிற பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகள்) முடித்துவைக்கும் டிபிகேஜி கன்ஃபிகர் கட்டளையைக் கொடுங்கள், அதன்பின் ஆப்ட் என்ற பேக்கேஜ் கருவி மூலம் உடைந்த சார்புகளை (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) சரிசெய்யுங்கள். அதற்கு முன் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரூட் (லினக்ஸ் சிஸ்டம் இருக்கிற பார்ட்டிஷன்) நிரம்பியிருந்தால் எந்தக் கட்டளையும் முடியாது. வெளியார் நடத்தும் மென்பொருள் களஞ்சியங்களான பிபிஏ-க்களிலிருந்து வந்த பேக்கேஜ்களும் அடிக்கடி முட்டுக்கட்டை போடும். அப்கிரேட் கருவி அந்தப் பிபிஏ-க்களை முடக்கும், ஆனால் அவற்றிலிருந்து ஏற்கெனவே வந்த பதிப்புகள் அப்படியே உட்கார்ந்திருக்கும். எது முட்டுகிறது என்பது 'வார்' அடைவின் 'லாக்' கோப்புறையில், 'டிஸ்ட்-அப்கிரேட்' என்ற இடத்தில் எழுதப்பட்டிருக்கும்.

முடியவில்லையா? 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லைவ் உபுண்டுவைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் பூட் செய்து முதலில் பேக்கப் எடுங்கள். இன்ஸ்டாலரை இப்போது திறக்கவே வேண்டாம்.

"ஹோம் ஃபோல்டரை காப்பி பண்ணினால் போதும்" என்பார்கள். போதாது. மைசீக்வல், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்கள் தரவை 'வார் லிப்' அடியில் வைக்கின்றன. டாக்கர் வால்யூம்களும் அங்கேதான். இணையதளக் கோப்புகள் பெரும்பாலும் 'வார்' அடியில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' கோப்புறையில் இருக்கும். 'ஈடிசி' முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள், சில எம்பிதான் வரும். ஹோமுக்குள்ளும் ஒரு பொறி உண்டு. 22.04-இலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற பேக்கேஜ் வடிவில் வருவதால் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் ஹோமின் 'ஸ்னாப்' கோப்புறைக்குள் இருக்கின்றன. பழைய பழக்கத்தில் 'மொசில்லா' என்ற மறைவுக் கோப்புறையை மட்டும் எடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. பேக்கப் டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்றால் கோப்புகளை அப்படியே இழுத்துப் போடாதீர்கள், அனுமதிகளையும் சேர்த்து ஒரே கோப்பாக்கும் டார் கோப்பாகக் கட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் அனுமதிகள் கலைந்துபோய், திரும்ப வைத்ததும் எஸ்எஸ்எச் சாவியை (தொலைக் கணினிக்குள் நுழையப் பயன்படுவது) ஏற்கவே ஏற்காது.

விண்டோஸ் பக்கம் இரண்டு வேலை இருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் இருக்கும், லினக்ஸ் அந்த டிரைவில் எழுத மறுக்கும். டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க ரெக்கவரி கீயை காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டையோ (நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் அமைப்பு) பூட் வரிசையையோ மாற்றினால் விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கக்கூடும். அந்த நேரத்தில் கீ அதே கணினிக்குள் இருந்து பயனில்லை.

இனி இன்ஸ்டாலர். 'மேனுவல் இன்ஸ்டலேஷன்' மட்டும்தான் உங்களுக்கானது. உதாரணத்துக்கு 512 ஜிபி என்விஎம்இ டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் 100 எம்பி அளவில் ஃபேட்32 பார்ட்டிஷன், இது பூட் கோப்புகள் இருக்கிற இஎஃப்ஐ. அடுத்து 16 எம்பி, விண்டோஸ் தனக்கென ஒதுக்கியது. அதன்பின் சி டிரைவ், பெரிய என்டிஎஃப்எஸ். பிறகு சில நூறு எம்பியில் விண்டோஸ் ரெக்கவரி. கடைசியில் இஎக்ஸ்டி4, இதுதான் உங்கள் லினக்ஸ். பெயரையோ எண்ணையோ நம்பாதீர்கள், அளவையும் ஃபைல் சிஸ்டத்தையும் பார்த்து அடையாளம் காணுங்கள். இஎக்ஸ்டி4-ஐ மட்டும் ரூட்டாகக் கொடுத்து ஃபார்மேட் செய்யுங்கள். ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் அதை ஹோமாகக் கொடுங்கள், ஃபார்மேட் டிக் கூடாது, பழைய யூசர்நேமையே வையுங்கள்.

இஎஃப்ஐ-யை எக்காரணம் கொண்டும் ஃபார்மேட் செய்யாதீர்கள். விண்டோஸின் பூட் கோப்புகளும் உபுண்டுவின் பூட் கோப்புகளும் அந்த 100 எம்பிக்குள் அருகருகே தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கின்றன. புதிய உபுண்டு தன் கோப்புறையை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளும். (லினக்ஸ் மின்ட்டும் அதே 'உபுண்டு' என்ற பெயரைத்தான் பயன்படுத்துகிறது, இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருப்பவர்கள் கவனம்.) பூட்லோடருக்கான டிஸ்க்காக இந்த இஎஃப்ஐ இருக்கிற டிஸ்க்கையே தேர்ந்தெடுங்கள். பென்டிரைவையும் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையிலேயே பூட் செய்திருக்க வேண்டும். லெகசி என்ற பழைய முறையில் நுழைந்து இன்ஸ்டால் செய்தவர்கள்தான் "விண்டோஸ் காணோம்" என்று அதிகம் தவிக்கிறார்கள். டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்றால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் முறை இயங்குகிறதா என்று பாருங்கள். அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான டிஸ்க் முறைக்கு மாற்றும் முன் விண்டோஸை அதற்குத் தயார் செய்யாவிட்டால் விண்டோஸ் திறக்காது.

முடிந்தபின் மெனுவில் விண்டோஸ் இல்லையென்றால் பதற வேண்டாம். கிரப் 2.06-இலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் டிஃபால்ட் கோப்பில் 'டிசேபிள் ஓஎஸ் புரோபர்' என்ற வரியை 'ஃபால்ஸ்' ஆக்கி அப்டேட்-கிரப் கொடுத்தால் வந்துவிடும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பல டூயல்-பூட் கணினிகளில் செக்யூர் பூட்டில் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் ஷிம் என்ற நிரலின் பழைய பதிப்பைத் தடுத்து, லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. அங்கே திரையில் 'எஸ்பிஏடி' என்ற சொல்லோடு பிழைச்செய்தி வரும். லினக்ஸ் அழிந்துவிட்டது என்று நினைத்து மறுபடி இன்ஸ்டால் செய்தவர்களுக்கு அந்த உழைப்பே தேவைப்பட்டிருக்காது.

பழைய ஹோமோடு புதிய சிஸ்டத்தில் நுழைந்ததும் சில எதிர்பார்க்க வேண்டியவை. க்னோம் 42-இலிருந்து 46-க்குத் தாவுவதால் எக்ஸ்டென்ஷன்கள் பல வேலை செய்யாது. பைத்தான் 3.10-இலிருந்து 3.12 ஆகிவிடுவதால் பழைய விர்ச்சுவல் என்விரான்மென்ட்களை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும். விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் அது பழுதில்லை. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரமாகப் படிக்கிறது. டைம்டேட்சிடிஎல் மூலம் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீரும். தமிழ்99 விசைப்பலகையும் காணாமல் போயிருக்கும். அதன் அமைப்பு ஹோமில் பத்திரமாக இருக்கிறது, ஐபஸ்-எம்17என் பேக்கேஜ்தான் ரூட்டோடு போயிருக்கிறது. அதைப் போட்டுவிட்டு ஒருமுறை லாக்-அவுட் செய்து நுழைந்தால் தட்டச்சு பழையபடி வந்துவிடும்.