பத்து செகண்டுக்கு ஹாரன் அடிக்கிறவங்களுக்கு, ஒரு ஸ்கூல் வேன் டிரைவர் எழுதுறது

இன்னைக்கு காலைல தாம்பரம் பக்கம் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி ஒரு ஸ்கூல் வாசல்ல 25 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டிருந்தேன், பின்னாடி ஒரு கார்காரர் கைய எடுக்காம ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தாரு. கேப் கிடைச்சதும் முந்திட்டு போகும்போது கண்ணாடிய இறக்கி ஒரு வார்த்தை சொல்லிட்டு போனாரு, அத இங்க எழுத முடியாது. வண்டிக்குள்ள 19 பசங்க. முன் சீட்ல இருந்த எல்கேஜி பாப்பா "அங்கிள், அவரு ஏன் நம்மள திட்டுறாரு"ன்னு கேக்குது. காலைல இருந்து அதுவே மனசுல ஓடிக்கிட்டிருக்கு, அதான் எழுதுறேன், பெருசா போகும், பொறுமையா படிங்க.

நான் 11 வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டுறேன். மாடம்பாக்கம், அகரம்தென் பக்கம் பிக்கப், சேலையூர் வழியா ஸ்கூல். அதுக்கு முன்னாடி கம்பெனி கேப் ஓட்டினேன், லாகின் டைமுக்கு ஆளை கொண்டு போய் சேக்கலன்னா அன்னைக்கு பைன். அதனால அந்த கார்காரரோட அவசரம் எனக்கு புரியாம இல்ல. ஆபீஸ்ல பயோமெட்ரிக் வெயிட் பண்ணுது, நடுவுல ஒரு மஞ்ச வண்டி ஆமை மாதிரி போனா எரிச்சல் வரத்தான் செய்யும். நானும் ஒரு காலத்துல அதே மாதிரி ஸ்கூல் பஸ் பின்னாடி நின்னு ஹாரன் அடிச்சிருக்கேன்.

ஆனா ஒரு கணக்கு போட்டு பாருங்க. ஸ்கூல் வாசலுக்கு முன்னாடி 100 மீட்டர், பின்னாடி 100 மீட்டர், மொத்தம் 200 மீட்டர்னு வச்சுக்கோங்க. அத 50ல தாண்டினா 14 செகண்டு ஆகும், 30ல தாண்டினா 24 செகண்டு ஆகும். வித்தியாசம் 10 செகண்டு. மேடவாக்கம் சிக்னல்ல ஒரு ரெட்டு விழுந்தா இதவிட எத்தனையோ மடங்கு போயிடுது, அங்க யாரும் இறங்கி சிக்னல் கம்பத்த திட்டுறது இல்ல.

அந்த 10 செகண்டுக்கு என்ன கிடைக்குதுன்னும் பாருங்க. ஒரு குழந்தை திடீர்னு குறுக்க ஓடி வருது, நீங்க பாத்து பிரேக்ல கால் வைக்க ஒரு செகண்டு ஆகுதுன்னு வச்சுக்கிட்டா, காஞ்ச ரோட்ல 30ல வர்ற கார் நிக்க கிட்டத்தட்ட 13 மீட்டர் வேணும். 50ல வந்தா 28 மீட்டர். டபுளுக்கும் மேல. 13 மீட்டர்ல நின்னுருக்க வேண்டிய வண்டி 50ல வந்திருந்தா அந்த இடத்துல பிரேக்கே இன்னும் பிடிக்க ஆரம்பிச்சிருக்காது, குழந்தைய முழு வேகத்துல இடிக்கும். இது டிரைவிங் ஸ்கூல்ல முதல் நாளே சொல்லித்தர வேண்டிய விஷயம், நமக்கு அங்க எட்டு போட மட்டும் தான் சொல்லித்தர்றாங்க. மழை பேஞ்ச ரோடுன்னா இன்னும் மோசம்.

இப்ப உங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா அதுலயும் உண்மை இருக்கு. முதல்ல போர்டு. "பள்ளி பகுதி, மெதுவாக செல்லவும்"னு இருக்கும், மெதுவான்னா எவ்ளோ? நம்பர் இருக்காது. சில இடத்துல போர்டு மரக்கிளைக்குள்ள இருக்கும், சில இடத்துல அதுக்கு மேலயே யாரோட பிறந்தநாள் போஸ்டரோ ஒட்டியிருக்கும். சென்னை சிட்டில 2023 நவம்பர்ல இருந்து கார் 60, பைக் 50, ஆட்டோ 40, குடியிருப்பு தெருன்னா எந்த வண்டியா இருந்தாலும் 30ன்னு போலீஸ் அறிவிச்சாங்க, நல்ல விஷயம் தான், ஆனா ரோட்ல ஓட்டுறவன் கண்ணுக்கு அந்த 30 எத்தனை தெருல தெரியுது? தெரியாத லிமிட்டுக்கு கேமரா வச்சு பைன் போட்டா கோவம் வராம என்ன வரும்.

அடுத்தது ஸ்பீடு பிரேக்கர். இதுல எனக்கு உங்கள விட கோவம் ஜாஸ்தி. ஸ்பீடு பிரேக்கர் எப்படி போடணும்னு, ரோடு வேலைக்கு தரம் வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்ங்கிற அமைப்பு அளவு வச்சிருக்காங்க, 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கிலோமீட்டர் வேகத்துல ஏறி இறங்கினா தூக்கி போடாத மாதிரி. நம்ம ஊர்ல ராத்திரி ரெண்டு கூடை தார் கொட்டி ஒரு முழம் அகலத்துக்கு சுவரு மாதிரி கட்டிட்டு போயிடுறாங்க, பெயின்ட் இல்ல, ரிப்ளெக்டர் இல்ல. கார்ல போறவருக்கு அடி இடிக்கும், அவ்ளோ தான். என் வண்டில கடைசி சீட்ல உக்காந்திருக்க குழந்தைக்கு தலை கூரைல போய் முட்டும். நான் அங்க 10ல ஏறி இறங்குறது உங்கள வெறுப்பேத்த இல்லங்க, பின்னாடி இருக்க பசங்களுக்காக.

ஆனா இது எல்லாத்தையும் விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, அத யாரும் பேசுறதில்ல. ரோட்ல தெரியுற வேகம் ரோட்ல ஆரம்பிக்கிறது இல்ல. அது வீட்டு வாசல்ல ஆரம்பிக்குது.

என் டிரிப்பு இப்படி. 6:50க்கு முதல் பிக்கப். 14 ஸ்டாப்பு. 8:10க்கு ஸ்கூல் கேட்டுக்குள்ள பசங்க இருக்கணும், 8:15க்கு கேட்டு மூடிடும், அதுக்கப்புறம் போனா குழந்தைய வெளியில நிக்க வைப்பாங்க, டைரில எழுதுவாங்க, சாயந்தரம் அம்மா எனக்கு போன் பண்ணி கேப்பாங்க. இப்ப ஒவ்வொரு ஸ்டாப்லயும் ரெண்டு நிமிஷம் லேட்டானா என்ன ஆகும்? "அண்ணா இதோ ஷூ போடுறான்", "அண்ணா லிப்ட்ல இறங்கிட்டிருக்கா", "ஒரு நிமிஷம், டிபன் பாக்ஸ் மறந்துட்டான்". யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வரல, ரெண்டு பேரும் வேலைக்கு போற வீட்ல காலைல என்ன பாடு படுறாங்கன்னு தெரியும், என் வீட்லயும் அதே கதை தான். ஆனா 14 ஸ்டாப்பு, ரெண்டு ரெண்டு நிமிஷம், 28 நிமிஷம் காலி. அந்த 28 நிமிஷத்த நான் எங்க இருந்து எடுப்பேன்? ரோட்ல இருந்து தான் எடுக்கணும், வேற வழி இல்ல. வண்டில ஸ்பீடு கவர்னர் இருக்கு. ஸ்கூல் பஸ்னா கவர்னர் வச்சு 40க்கு மேல போகக்கூடாதுன்னு 1997லயே சுப்ரீம் கோர்ட் டெல்லி கேஸ்ல சொல்லிடுச்சு. சரி, வேகத்துல எடுக்க முடியாது, அப்ப எதுல எடுப்பான் டிரைவர்? வளைவுல குறைக்க மாட்டான், ஸ்டாப்ல முழுசா நிறுத்த மாட்டான், குழந்தை சீட்ல உக்காந்துச்சான்னு பாக்காம கிளட்ச விடுவான், ராங் சைடுல நாலு கடை தூரம் போவான். கவர்னர் இதுல எதையும் தடுக்காது.

இத நான் வெளியில இருந்து பாத்து சொல்லல. என் கைல நடந்தது.

மூணு வருஷம் முன்னாடி, ஒரு புதன்கிழமை சாயந்தர டிராப். ஒரு யூகேஜி பையன், வீடு ரோட்டுக்கு அந்த பக்கம். ஒழுங்கா செய்யணும்னா நான் நேரா போய் யூ டர்ன் போட்டு வந்து அவன் வீட்டு பக்கம் இறக்கி விடணும், அந்த நேரத்துல அதுக்கு ஆறு நிமிஷம் ஆகும். அன்னைக்கு மழை, ஏற்கனவே லேட்டு, வரிசையா போன் வருது. எதிர் பக்கமே நிறுத்திட்டேன். அவங்க பாட்டி அந்த பக்கம் குடையோட நிக்கிறாங்க, கை காட்டுறாங்க. என் வீட்டுக்காரம்மா தான் வண்டில ஆயாவா வர்றாங்க, அன்னைக்கு அவங்களுக்கு காய்ச்சல், வரல. நான் சீட்ல இருந்தே கதவ திறந்து "பாத்து போப்பா"ன்னு சொன்னேன். அவன் இறங்கி வண்டிக்கு முன்னாடி சுத்தி பாட்டிய பாத்து ஓடினான். வேன் ஓட்டுறவங்களுக்கு தெரியும், நாலு வயசு குழந்தை பம்பர ஒட்டி போனா சீட்ல இருந்து பாத்தா தெரியவே தெரியாது. பின்னாடி ஹாரன் அடிச்சுக்கிட்டு நின்ன ஒரு கால் டாக்ஸி அந்த நேரம் வலது பக்கமா முந்தி வந்துச்சு.

டயர் கத்துன சத்தம் இன்னைக்கும் காதுல இருக்கு. பையனுக்கு ஒண்ணும் ஆகல. லஞ்ச் பேக் கீழ விழுந்து, டிபன் பாக்ஸ் மேல டயர் ஏறிடுச்சு. பாட்டி குடைய போட்டுட்டு நடு ரோட்ல உக்காந்துட்டாங்க. அந்த டாக்ஸி டிரைவர் இறங்கினாரு, சின்ன வயசு, சண்டைக்கு வருவாருன்னு நினைச்சேன், அவருக்கு கை நடுங்குது, பேச்சு வரல. அப்புறம் தான் சொன்னாரு, அடுத்த பிக்கப்புக்கு ஆப்ல டைம் ஓடிட்டிருந்துச்சுண்ணா, கேன்சல் ஆனா இன்னைக்கு இன்சென்டிவ் போயிடும்னு. ரெண்டு பேரும் மழைல நின்னோம். தப்பு என் மேல. அவரு 30ல வந்திருந்தா இவ்ளோ கிட்ட வந்திருக்காது, அதுவும் உண்மை, ஆனா குழந்தைய ரோட்ட தாண்ட விட்டது நான். ஆறு நிமிஷத்துக்காக.

அன்னைக்கு ராத்திரி பையனோட அப்பா வீட்டுக்கு வந்தாரு, திட்டுவாருன்னு எதிர்பாத்தேன், ஒண்ணும் சொல்லாம உக்காந்துட்டு போனாரு. அத விட பெரிய திட்டு எனக்கு வாழ்க்கைல கிடைச்சதில்ல.

எங்க ஏரியாக்காரங்களுக்கு 2012 ஜூலை மறக்காது. முடிச்சூர் பக்கம், ஸ்கூல் பஸ் தரைல இருந்த ஓட்டை வழியா ஒரு ரெண்டாம் கிளாஸ் பொண்ணு விழுந்து அதே பஸ் சக்கரத்துல சிக்கி செத்துப் போச்சு. அந்த பஸ்ஸுக்கு எஃப்சி, அதாவது வண்டி ஓட்ட தகுதியா இருக்குன்னு ஆர்டிஓ குடுக்கிற சர்டிபிகேட், வாங்கி கொஞ்ச நாள் தான் ஆயிருந்துச்சு. ஜனங்க பஸ்ஸ கொளுத்தினாங்க, ஹைகோர்ட் தானா முன்வந்து கேஸ் எடுத்துச்சு, அந்த வருஷமே ஸ்கூல் வண்டிக்கு தனி விதி வந்துச்சு. அப்புறம் 2022 மார்ச்ல வளசரவாக்கத்துல ஸ்கூல் வளாகத்துக்குள்ளயே ரிவர்ஸ் எடுத்த வேன் மோதி ஒரு ரெண்டாம் கிளாஸ் பையன் செத்துப் போனான், அதுக்கப்புறம் முன்னாடி பின்னாடி கேமராவும் சென்சாரும் கட்டாயம்னு ஆச்சு. 2025 ஜூன்ல பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்ல அம்மா கூட ஸ்கூட்டர்ல போன 10 வயசு பொண்ணு மேல தண்ணி லாரி ஏறிச்சு, அதுக்கப்புறம் தான் ஸ்கூல் நேரத்துல கனரக வண்டிக்கு கெடுபிடி வந்துச்சு. ஒவ்வொரு விதிக்கும் பின்னாடி ஒரு குழந்தை இருக்கு. வருஷா வருஷம் ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி கிரவுண்டுல வண்டிகள வரிசையா நிறுத்தி பிரேக் இன்ஸ்பெக்டர் எமர்ஜென்சி கதவ திறந்து பாக்குறாரு, தீயணைப்பான பாக்குறாரு, முதலுதவி பெட்டிய பாக்குறாரு. பாக்கணும், வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு தடவையாவது யாராவது என் கிட்ட "உன் ரூட்டு எவ்ளோ கிலோமீட்டர், எத்தனை ஸ்டாப்பு, எவ்ளோ நேரம் குடுத்திருக்காங்க"ன்னு கேட்டிருக்காங்களா? இல்ல. வண்டிய பரிசோதிக்கிறாங்க, அந்த வண்டிய விரட்டுற டைம் டேபிள யாரும் பரிசோதிக்கிறதில்ல.

ஸ்கூல்காரங்ககிட்ட எனக்கு இருக்க மனக்குறையும் இது தான். ஆயிரக்கணக்குல பசங்க, ஒரே நேரத்துல பெல்லு, ஒரே ஒரு கேட்டு, அதுவும் மெயின் ரோட்ட பாத்து. உள்ள கிரவுண்டு காலியா கிடக்கும், வண்டிய விட மாட்டாங்க. அதனால வேன், ஆட்டோ, கார், மூணு பசங்கள ஏத்துன ஸ்கூட்டர் எல்லாம் ரோட்லயே நிக்குது, ரெண்டு வரிசை, மூணு வரிசை. வாட்ச்மேன் ஒருத்தர் விசில் ஊதிக்கிட்டு நிப்பாரு, பாவம் அவரால என்ன பண்ண முடியும். கார்ல வர்ற பெற்றோர் கேட்டுக்கு நேரா தான் இறக்கணும்னு நிக்கிறாங்க, 50 மீட்டர் தள்ளி நிறுத்திட்டு கை புடிச்சு நடந்து வந்தா பாதி நெரிசல் குறையும். சின்ன கிளாஸுக்கு 8:45, பெரிய கிளாஸுக்கு 8:15ன்னு மாத்தி வச்சா இன்னொரு பாதி குறையும். ஒரு மீட்டிங்ல இத சொன்னேன். "நீங்க டைமுக்கு வாங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்"னு பதில் வந்துச்சு. அந்த வாசல்ல மாட்டிக்கிட்டு நிக்கிற கார்காரர் என்ன பண்ணுவாரு? நெரிசல் முடிஞ்ச உடனே, இழந்த நேரத்த பிடிக்க மிதிப்பாரு. அடுத்த ஸ்கூல் வாசல் அரை கிலோமீட்டர்ல இருக்கு.

அமெரிக்கால டிரைவர் வேலை பாத்துட்டு வந்த எங்க தெரு ஆள் ஒருத்தர் சொல்வாரு, அங்க ஸ்கூல் பஸ் நின்னு சிவப்பு லைட்டு போட்டு சைடுல ஸ்டாப் பலகைய நீட்டினா, நடுவுல தடுப்பு இல்லாத ரோட்ல எதிர்ல வர்ற வண்டியும் சேத்து நின்னுடணும், முந்தினா பெரிய பைன். எனக்கு அந்த பலகை கூட வேணாம். நான் பார்க்கிங் லைட்டு போட்டு நிறுத்தி ஒரு குழந்தைய இறக்கும்போது பின்னாடி இருக்கவர் அப்படியே நின்னாருன்னா போதும்.

அந்த சம்பவத்துக்கு அப்புறம் நான் மாத்துனது சொல்றேன். எந்த குழந்தையையும் எதிர் பக்கம் இறக்குறதில்ல, ஆறு நிமிஷம் ஆனாலும் சரி, பத்து ஆனாலும் சரி. என் வீட்டுக்காரம்மா வர முடியலன்னா அவங்க தங்கச்சி வருவாங்க, ஆயா இல்லாம வண்டி எடுக்கிறதில்ல. ஸ்டாப்ல ஒரு நிமிஷம் நிப்பேன், அதுக்கப்புறம் கிளம்பிடுவேன். இத வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டப்போ ரெண்டு வீட்ல கோவிச்சுக்கிட்டு வேற வேனுக்கு மாத்திட்டாங்க. மாசம் 3,600 ரூபா போச்சு. டீசல் விக்கிற விலைல, வண்டி டியூ கட்டுறவனுக்கு அது சின்ன தொகை இல்ல. 2020 மார்ச்ல ஸ்கூல் மூடினதுல இருந்து 2021 நவம்பர் வரைக்கும் சின்ன பசங்களுக்கு ஸ்கூலே இல்லாம வண்டிய தார்பாய் போட்டு மூடி வச்சப்போ வாங்கின கடன் இன்னும் பாக்கி இருக்கு. ஆனாலும் அந்த டிபன் பாக்ஸ் மேல டயர் ஏறி நின்னத பாத்தவன், 3,600க்காக பழைய மாதிரி ஓட்ட மாட்டான்.

காலைல திட்டிட்டு போன சார், நீங்க இத படிக்க மாட்டீங்க, படிச்சாலும் நீங்கன்னு தெரியாது. ஆனா உங்கள மாதிரி நிறைய பேரு என் பிரெண்ட் லிஸ்ட்ல இருக்காங்க. அவங்க கிட்ட கேக்குறேன், அந்த 10 செகண்டு குடுங்க.

என் வேன்ல பசங்கள அனுப்புற வீட்டுக்காரங்களுக்கு: திங்கக்கிழமைல இருந்து முதல் ஸ்டாப் 6:45. மூணாவது ஸ்டாப் 6:58, அஞ்சாவது 7:09. மழை பேஞ்சா எல்லாமே அஞ்சு நிமிஷம் முன்னாடி. லிஸ்ட்ட குரூப்ல போட்டிருக்கேன், ஒரு தடவ பாத்துக்கோங்க.