இருபது பார் அழுத்தமும் என் இரத்த அழுத்தமும்

இன்று காலை ஒன்பது மணிக்கு, இரண்டாம் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த வேளையில், கைப்பேசி ஒலித்தது. “சார், எங்க ஷோரூம்ல நீங்க வாங்கின காபி மெஷின் எப்படி வேலை செய்யுது? பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?” என்று ஒரு பெண் குரல் இனிமையாகக் கேட்டது. நான் அங்கே எதையும் வாங்கவில்லை என்றும், வாங்காமல் திரும்பியதற்கான காரணத்தை எழுதினால் அவர்கள் பில் புத்தகமே போதாது என்றும் சொன்னேன். ஒரு நொடி மௌனத்துக்குப் பிறகு, “அப்போ பத்துன்னே போட்டுக்கலாமா சார்?” என்றது அந்தக் குரல்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. காலையில் அப்பாவுக்கும் மனைவிக்கும் எனக்கும் ஒரு ஜாடி நிறைய டிரிப் காபி, அதாவது காகித வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக வடியும் காபி, இறங்க வேண்டும். பெங்களூரில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து, அழுத்தத்தில் பிழிந்தெடுக்கும் எஸ்பிரெஸ்ஸோ இல்லாமல் கண் விழிக்காத பழக்கத்தோடு ஊர் திரும்பியிருக்கும் மகளுக்கு அதுவும் கிடைக்க வேண்டும். சமையல் மேடையில் இரண்டு இயந்திரங்களுக்கு இடம் இல்லாததால், இரண்டையும் செய்யும் ஒரே கூட்டு இயந்திரத்தைத் தேடி ஐந்து வாரங்களாக அலைகிறேன். இதே அலைச்சலை அலைந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் நான் கேட்டது ஒரே கேள்விதான்: டிரிப் பக்கமும் எஸ்பிரெஸ்ஸோ பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுமா, அல்லது ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திருக்க வேண்டுமா? விற்பனைப் பையன் பெட்டியைத் திருப்பி, அதன் முன்பக்கத்தில் அச்சிட்டிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினான். அது என் கேள்விக்குப் பதில் இல்லை என்றதும் தன் மேற்பார்வையாளரை அழைத்தான். அவர் வந்து பெட்டியின் பின்பக்கத்தை வாசித்தார். அதுவும் பதில் இல்லை என்றதும், கிளை மேலாளர் போலத் தோன்றிய மூன்றாமவர் வந்து, பெட்டியைச் சற்றே சாய்த்து, அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை வாசித்தார். பிறகு மூவரும், தேர்வில் எல்லா வினாக்களுக்கும் விடையெழுதி முடித்தவர்களைப் போல என்னைப் பார்த்தார்கள்.

“இது இருபது பார் சார். பக்கத்துல இருக்கறது பதினஞ்சு பார்தான். அஞ்சு பார் எக்ஸ்ட்ரா,” என்றான் பையன், ஐந்து இட்லி கூடுதலாக வைத்தவனைப் போல.

ஒரு பார் என்பது ஏறத்தாழ நம் தலைமேல் இருக்கும் காற்றின் அழுத்தம். எஸ்பிரெஸ்ஸோவுக்குக் காபிப் பொடியின் மேல் விழ வேண்டியது சுமார் 9 பார். இத்தாலியின் ஃபாயெமா நிறுவனம் 1961-இல் மின்பம்ப் வைத்த ஈ61 இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது இந்த 9 பார்தான் நிலைபெற்றது. இன்றும் நல்ல காபிக்கடைகளில் அதுதான். அட்டையில் அச்சிடும் 15-உம் 20-உம் பம்பு முக்கி முக்கித் தள்ளினால் எட்டக்கூடிய உச்சமே தவிர, கோப்பையில் விழும் காபியின் தரம் அல்ல. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். “இத்தாலியில அது பழைய மாடல் சார்,” என்றான்.

சரி, செய்து காட்டு என்றேன். அங்கேதான் என் வாழ்நாளின் நாற்பது நிமிடங்கள் தொலைந்தன. முதலில் தண்ணீர் இல்லை. தண்ணீருக்குப் போனவன் பாதி காலியான ஒரு பாட்டிலோடு வந்து, அதில் ஒரு மடக்கைத் தானே குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் ஊற்றினான். அடுத்து, பிளக் பாயிண்டில் ஒரு மிக்ஸி கழற்ற முடியாதபடி மாட்டியிருந்தது. அதைக் கழற்ற வேறொரு பிரிவின் ஆள் வர வேண்டுமாம். அவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் சாப்பிட்டு, கை கழுவி, ஏலக்காய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வந்து கழற்றிய பின், காபிப் பொடி இல்லை என்பது தெரியவந்தது. மூவரும் மேசை இழுப்பறைகளை எல்லாம் துழாவி, கடைசியில் இரண்டு ரூபாய் இன்ஸ்டன்ட் காபிப் பாக்கெட்டுகள் நான்கைக் கண்டெடுத்தார்கள். என் கண் முன்னால், ஒவ்வொன்றின் மூலையையும் பல்லால் கிழித்து, எஸ்பிரெஸ்ஸோக் கைப்பிடியின் வடிகட்டிக் கிண்ணத்தில் கொட்டி, அந்தப் பையன் பெருவிரலால் அழுத்தினான்.

இன்ஸ்டன்ட் காபி தண்ணீரில் கரைந்துபோவது. வடிகட்டியில் வடிப்பதற்கு அதில் எதுவும் மிஞ்சாது. இயந்திரம் ஒரு முறை உறுமி, இரண்டு முறை இருமி, கறுப்பாக எதையோ பீய்ச்சியது. அதன் மேல் நுரை திரண்டிருந்தது. “பாருங்க சார், க்ரீமா!” என்றான், நல்ல எஸ்பிரெஸ்ஸோவின் மேல் படியும் நுரையின் பெயரைச் சொல்லி. அந்தக் கிண்ணத்துக்கு இரட்டை அடி. உள்ளே எத்தனை துளை இருந்தாலும் வெளியேறும் வழி ஊசிமுனை அளவு ஒன்றுதான். அதன் வழியே பீய்ச்சினால் எதுவுமே நுரைக்கும். முறையாகச் செய்தால் 18 கிராம் பொடியிலிருந்து ஏறத்தாழ 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிகளில், தேன் ஒழுகுவதுபோல இறங்க வேண்டும். இது நான்கு விநாடிகளில் வந்து என் சட்டையிலும் சிறிது விழுந்தது.

சிக்கரியைப் பற்றியும் கேட்டுத் தொலைத்தேன். எங்கள் வீட்டுப் பொடி எண்பதுக்கு இருபது. சிக்கரி நனைந்தால் ஊறிப் பிசுபிசுக்கும். எஸ்பிரெஸ்ஸோவின் நுண்துளைகளையும் டிரிப் பக்கத்தின் காகித வடிகட்டியையும் அடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு எஸ்பிரெஸ்ஸோவுக்குப் பொடி நைசாக வேண்டும், டிரிப்புக்குச் சற்றுக் கொரகொரப்பாக வேண்டும், நம் கடையில் ஃபில்டருக்கு அரைத்துத் தரும் பொடியோ இரண்டுக்கும் இடையில் நிற்கும். ஆக, ஒரே இயந்திரத்துக்கு இரண்டு பொடிகள் வாங்க வேண்டும். அப்பாவின் சிக்கரிக்கு இரண்டிலும் இடமில்லை. இந்த நாட்டில் காபிப் பொடியில் 49 சதவீதம் வரை சிக்கரியைக் கலந்து விற்கச் சட்டமே அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் விற்கும் இயந்திரத்தின் அறுபது பக்கக் கையேட்டில் சிக்கரி என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. இயந்திரத்தைக் குளியல் தொட்டிக்குள் வைக்காதீர்கள் என்று மட்டும் ஆறு மொழிகளில் இருக்கிறது.

அளவும் அப்படித்தான். ஜாடியில் “10 கப்” என்று பெருமையாக அச்சிட்டிருக்கும். கொள்ளளவைப் பார்த்தால் 1.25 லிட்டர். அதாவது ஒரு கப் என்பது 125 மில்லி. என் அப்பாவின் டம்ளரை அதன் பக்கத்தில் வைத்தால் அந்த ஜாடிக்கே வெட்கமாக இருக்கும். இயந்திரத்தின் உயரம் பதின்மூன்று அங்குலம் என்று போடுபவர்கள், தண்ணீர் ஊற்றுவதற்கு மூடியை மேல்நோக்கித் திறந்தால் அது எத்தனை அங்குலம் ஆகும் என்பதைச் சொல்வதில்லை. எங்கள் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையே பதினெட்டு அங்குலம்தான். கடையில் நான் அளவு நாடாவை எடுத்து மூடியோடு சேர்த்து அளந்தபோது, “சார் இன்டீரியர் டெக்கரேட்டரா?” என்று கேட்டார் மேலாளர்.

வாங்கியவர்களின் கருத்தைப் படிக்கலாமே என்பீர்கள். படித்தேன். “பேக்கிங் அருமை, இன்னும் பிரிக்கவில்லை, ஐந்து நட்சத்திரம்.” “கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டோம், நல்ல பொருள்.” “டெலிவரி பையன் மரியாதை இல்லாமல் பேசினான், ஒரு நட்சத்திரம்.” நானூறு கருத்துகளில் அதில் காபி போட்டுக் குடித்தவர் ஒருவராவது இருப்பார் என்று நம்பி இரவு ஒரு மணி வரை தேடினேன். ஒருவர் இருந்தார். அவர் அதில் டீ போட்டிருந்தார்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி 1908-இல், ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் துளைகள் போட்டு, மகனின் நோட்டிலிருந்து உறிஞ்சுதாளைக் கிழித்து வைத்துக் காபி வடித்தார். அவரிடம் யாரும் எத்தனை பார் என்று கேட்கவில்லை.

இத்தனைக்கும் உச்சமாக ஒன்று இருக்கிறது. இந்த இயந்திரங்கள் 1,450 வாட்டைத் தாண்டுவதால் சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும் என்று தெரிந்து, இயந்திரம் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தேன். “நாளைக்கு வரேன் சார்” என்று மூன்று வாரம் சொன்னவர், நான் கடைக்குப் போயிருந்த அதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, மேடைக்குப் பக்கத்தில் சுவரை உடைக்கச் சோம்பேறித்தனப்பட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் பாயிண்டை வைத்து, எண்ணூற்று ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது எங்கள் வீட்டில் காபி இயந்திரம் இல்லை. அதற்கான சுவிட்ச் மட்டும், கை நுழையாத ஓர் இடுக்கில், அணைக்கவும் முடியாமல் சிவப்பு விளக்கோடு இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கிறது. நேற்று நள்ளிரவு தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா, சுவரில் நிழலாடும் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, “அங்க யாருடா?” என்று கேட்டார். இருபது பார் என்றேன். பிறகு இருட்டிலேயே உட்கார்ந்து வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.