மாடலில் இல்லாத கணவாய்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோட்டத்து வரப்பில் நின்றால் வடக்கே வாளையார் மலையும் தெற்கே ஆனைமலையும் தெரியும். நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் எங்கள் தென்னைகளை வளைத்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் போகிறது. ஆனால் உலகை 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கும் காலநிலை மாடலில் பாலக்காட்டுக் கணவாய் கிடையாது. இருபுறத்து மலையுயரமும் நடுவிலுள்ள தாழ்வும் ஒரே சராசரியாகி, அங்கே மொண்ணையான ஒரு மேடு மட்டும் நிற்கும்.

கணினி மாடல்களின் நிச்சயமின்மையைப் புள்ளியியல் வழியில் அளப்பதே முனைவர் பட்டத்துக்குப் பிறகு நான் செய்துவரும் ஆய்வு. எளிதில் அளக்கக்கூடிய பிழையை மட்டும் அளந்துவிட்டு, அதையே மொத்தப் பிழையாகக் காட்டும் பழக்கம் எங்கள் துறையில் வேரூன்றிவிட்டது என்பது என் குற்றச்சாட்டு.

எளிதானது அளவுருக்களின் பிழை. மேகத்துளி எவ்வளவு வேகமாக மழையாகிறது, மண் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்பன போன்ற எண்கள் யாருக்கும் துல்லியமாகத் தெரியாததால், அவற்றை மாற்றி மாற்றி மாடலை ஓட்டிப் பார்க்கிறோம். என் மாடல் ஒருமுறை ஓடி முடிய 9 மணி நேரமாகும். ஒன்றன்பின் ஒன்றாக 10,000 முறை ஓட்டினால் பத்தாண்டு கடந்துவிடும். ஆகவே ஒவ்வோர் அளவுருவின் வீச்சையும் 120 பங்காக்கி, எந்தப் பங்கும் இருமுறை வராமல் 120 ரன்களைத் தேர்ந்தெடுக்கிறேன். மெக்கே, பெக்மன், கானோவர் ஆகிய மூவரும் 1979-இல் முன்வைத்த லத்தீன் ஹைப்பர்கியூப் முறை இது. இடைப்பட்ட மதிப்புகளை, மாடலுக்குப் பதிலாளாக நிற்கும் எமுலேட்டர் (காசியன் பிராசஸ் என்னும் புள்ளியியல் கணக்கு) ஊகிக்கும். அந்த ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அதுவே சொல்லும். அழகான வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் 120 ரன்களில் ஒன்றிலும் கணவாய் இல்லை. எந்த அளவுருவைத் திருகினாலும் அது முளைக்கப் போவதில்லை. கென்னடியும் ஓஹேகனும் 2001-இல் எழுதிய கட்டுரை இதற்கென்றே சமன்பாட்டில் தனி உறுப்பொன்றைச் சேர்த்தது: எல்லா எண்களும் சரியாக இருந்தாலும் மாடலுக்கும் உண்மைக்கும் இடையே எஞ்சி நிற்கும் விலகல். அதை மதிப்பிடப் பழைய மழைமானிப் பதிவுகளைத் தோண்ட வேண்டும். அந்த இடத்தை அறிந்தவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அளவுருப் பிழையையும் விலகலையும் ஒரே தரவிலிருந்து பிரித்தறிவதோ பெரும்பாடு. இதற்கு ஆண்டுகள் பிடிக்கும்.

எங்களுக்குக் கிடைக்கும் நல்கை பெரும்பாலும் 2 ஆண்டு. முதலாண்டு மாடலைப் பழகுவதிலும் இரண்டாமாண்டு அடுத்த வேலைக்கு விண்ணப்பிப்பதிலும் கழிகிறது. விலகலைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் கட்டுரை ஆறு மாதத்தில் முடிந்துவிடும். வரைபடத்தில் நிச்சயமின்மையைக் காட்டும் பட்டையும் ஒடுங்கலாக, பார்க்க நன்றாக இருக்கும். நானும் ஒருமுறை அப்படிச் செய்தவன்தான். விலகலைச் சேர்த்து எழுதிய அடுத்த கட்டுரைக்கு வந்த மதிப்புரை, பட்டை இவ்வளவு அகலமாக இருந்தால் யாருக்குப் பயன் என்று கேட்டது.

போன ஆடியில் ஊருக்கு வந்தபோது, நிலக்கடலை விதைக்கலாமா என்று பெரியப்பா கேட்டார். மழை 60 மில்லிமீட்டரும் பெய்யலாம், 190-உம் பெய்யலாம் என்றேன்.

"இதச் சொல்றதுக்கா கண்ணு இத்தன படிப்பு?" என்று சிரித்தவர், சற்றுப் பொறுத்து, "உன்ற கம்ப்யூட்டர்ல நம்ம கணவாக் காத்து இருக்குதா?" என்றார்.

"இல்லீங்க பெரியப்பா."

விதைக்காயில் பாதியைத்தான் அந்த வாரம் உரிக்கப் போட்டார்.