காலைப் பிடித்தால்?

(வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு பிளெக்ஸ் கடை. கத்திரி வெயில். இருக்கிற ஒரே டேபிள் ஃபேனும் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சுற்றுகிறது.)

மாஸ்டர்: "கராத்தே"யை எடுத்துவிட்டு "எம்.எம்.ஏ." என்று போடுங்கள் அக்கா. கீழே "ஸ்ட்ரைக்கிங் பயிற்சி அளிக்கப்படும்".

அக்கா: ஸ்ட்ரைக்குக்குப் பயிற்சியா? எங்கள் வீட்டுக்காரர் டெப்போவில் பயிற்சி இல்லாமலே பதினெட்டு நாள் பண்ணினார்.

மாஸ்டர்: அது வேலைநிறுத்தம். இது குத்து, உதை.

அக்கா: அங்கேயும் கடைசி நாள் அதுதான் நடந்தது. ஓ, பையன் பார்க்கிற கூண்டுச் சண்டையா? குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்தது?

மாஸ்டர்: அதேதான். கராத்தே அங்கே அப்படியே செல்லும். மச்சிடா 2009இல் யு.எஃப்.சி. என்ற பெரிய கூண்டுச் சண்டைப் போட்டியில் சாம்பியன். கராத்தேக்காரர்!

அக்கா: தெரியாமலா? தோசை காய்ந்து அப்பளமானாலும் போனை விட்டு எழுந்திருக்க மாட்டான். தூரம் பார்த்து நிற்பது, சட்டென்று உள்ளே வந்து குத்திவிட்டு விலகுவது, அதெல்லாம் கராத்தேதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆள் சுமோ, ஜியு ஜிட்சு என்று ஆளைப் பிடித்து மடக்குகிற வித்தையெல்லாம் படித்தவராமே. நீங்கள்?

மாஸ்டர்: நான் பிளாக் பெல்ட்.

அக்கா: காலைப் பிடித்தால்?

மாஸ்டர்: அதற்குள் ஒரு குத்து விடுவேன்.

அக்கா: ஜேம்ஸ் டோனியும் அப்படித்தான் நினைத்திருப்பார். பாக்சிங்கில் உலக சாம்பியன். 2010இல் அதே யு.எஃப்.சி. கூண்டில் மல்யுத்தக்காரர் ராண்டி கூட்டூர் நேராக அவர் காலுக்குத்தான் போனார். மூன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை, ஆட்டம் முடிந்தது.

மாஸ்டர்: அது பாக்சிங். கையை மட்டும் நம்பினால் அப்படித்தான். பெரிய கிளவுஸில் முகத்தை மூடிப் பழகியவன், அங்கே 4 அவுன்ஸ் கிளவுஸ் போட்டால் சந்து வழியாக அடி உள்ளே வரும். முன்னங்காலில் பாரம் போட்டு நின்றால் தொடையிலே உதைப்பார்கள்.

அக்கா: பரவாயில்லையே, விஷயம் தெரிந்துதான் இருக்கிறது. சரி, காலைப் பிடித்தால்?

மாஸ்டர்: இன்னா அக்கா, அதையே கேட்கிறீர்கள்?

அக்கா: போன ஞாயிற்றுக்கிழமை பாலாற்று மணலில் என் பையன் பச்சை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி நின்றான். காட்பாடிப் பையன் ஒருத்தன், கபடி ஆடுகிறவன், கணுக்காலைப் பிடித்தான். மூன்று வருஷத்து ஃபீஸ் மணலில் கிடந்தது.

மாஸ்டர்: அதனால்தான் இப்போது எம்.எம்.ஏ. ஆக்குகிறேன். ஃபீஸ் 600 இல்லை, 1,500 என்று போடுங்கள்.

அக்கா: புதிதாக என்ன சொல்லித்தருவீர்கள்?

மாஸ்டர்: அதே குத்து, அதே உதைதான். போர்டுதானே அக்கா மாறுகிறது.

அக்கா: மூன்று எழுத்துக்கு 900 ரூபாய்! எழுத்துக்கு முந்நூறு. நான் பைத்தியக்காரி, சதுர அடிக்கு வாங்கிக்கொண்டிருக்கிறேன். காசை எடுங்கள்.

மாஸ்டர்: மாசக் கடைசியில் தருகிறேன். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் அக்கா.

அக்கா: அட, இது வருகிறதே! மூன்று வருஷமாகப் பையனுக்கு இதை ஏன் சொல்லித்தரவில்லை?