வெள்ளம் வடிந்த பின் வரும் சம்பளப் பட்டியல்

இலங்கையின் கிழக்கில் வெள்ளம் வந்து போகும் ஒவ்வொரு தடவையும் கல்வி நிறுவனங்களின் பெயர் பொறித்த பதாகைகளுடன் உலர் உணவுப் பொதிகள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போகின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அடுப்பு நனைந்த வீட்டுக்கு அரிசியும் பருப்பும் போய்ச் சேர்வது நல்ல காரியமே. ஆனால் அந்தப் பொதிகளைக் கட்டிக் கொடுத்தவர்களில் சிலருடைய வீட்டிலும் அதே நாளில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது என்பதையும், அவர்களுக்கு அவர்களுடைய நிறுவனம் என்ன செய்தது என்பதையும் எவரும் கேட்பதில்லை. அனர்த்தத்தின் பின் ஒரு பல்கலைக்கழகம் தன் ஆசிரியருக்கும் ஊழியருக்கும் செய்ய வேண்டியவை, அந்தந்த வேளையில் பதவியில் இருப்பவரின் இரக்கத்தை நம்பியிருக்கக் கூடாது. மழை தொடங்கும் முன்பே அவை விதியாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

கொழும்பிலோ கண்டியிலோ இருந்து பார்ப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் வேறு, சுற்றியுள்ள ஊர் வேறு என்று தோன்றலாம். வந்தாறுமூலையில் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. 1981இல் வந்தாறுமூலை மகா வித்தியாலய வளவில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுமையான பல்கலைக்கழகமாகிய கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அலுவலகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் வேலை செய்கிறவர்களில் பலர் செங்கலடி, சித்தாண்டி, சந்திவெளி, கிரான் பக்கத்து ஆட்கள். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அட்டாளைச்சேனை, பாலமுனை, நிந்தவூர், சம்மாந்துறை எப்படியோ அப்படித்தான். காலையில் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர் மாலையில் வட்டைக்குப் போய் வேளாண்மை பார்க்கிறார். நவம்பரில் வெள்ளம் வந்தால் அவருக்கு வீடு மட்டுமல்ல, விதைத்துச் சில வாரங்களே ஆன பெரும்போகமும் போகிறது. ஆகவே ஊழியருக்கு உதவுவதும் ஊருக்கு உதவுவதும் இங்கே இரண்டு வேறு கடமைகள் அல்ல.

எதிர்பாராத நிகழ்வு என்று சொல்லித் தப்பிக்கவும் இடமில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியை எங்கள் பெற்றோர் இன்றும் ஆண்டுக் கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள். 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. 2011இல் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து இரண்டு வெள்ளங்கள். 2024 நவம்பர் இறுதியில் மீண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி. கிரான் புலிபாய்ந்தகல் வீதி நீரில் மூழ்கிப் படகுச் சேவை தொடங்குவது எங்களுக்கு ஏறத்தாழ வருடாந்த நிகழ்ச்சி. பரீட்சைக் கால அட்டவணையை ஓர் ஆண்டு முன்னதாகவே தயாரிக்கும் நிறுவனங்கள், அட்டவணை போட்டதுபோல வரும் வெள்ளத்துக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டம் கூடி யோசிப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

யார் விடுபடுகிறார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நிரந்தர விரிவுரையாளருக்கு மாதச் சம்பளம் வரும். இடர் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். மணித்தியாலக் கணக்கில் கொடுப்பனவு பெறும் வருகைதரு விரிவுரையாளருக்கு அந்த இரண்டும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கிய இரவில், மாணவர்களின் விடைத்தாள் கட்டுகளை இரண்டு உரப் பைகளுக்குள் திணித்து, வாயைக் கயிற்றால் இறுக்கி, கூரை வளையில் தொங்கவிட்டார். அவருடைய சொந்தப் பட்டச் சான்றிதழ் கீழே அலுமாரியின் அடித்தட்டில் கிடந்து நனைந்தது. விடைத்தாள்கள் ஒரு மூலைகூட ஈரமாகாமல் உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டன. அந்த மாத இறுதியில், அவர் பணிபுரிந்த நிறுவனம் மூடப்பட்டிருந்த நாட்களுக்குரிய மணித்தியாலங்கள் கொடுப்பனவுப் படிவத்திலிருந்து வெட்டப்பட்டன. விரிவுரை நடக்கவில்லை, ஆகவே பணமில்லை என்பது விளக்கம். கணக்காய்வின் கண்ணுக்கு அதில் பிழை எதுவும் இல்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

துப்புரவுப் பணியாளர்களின் நிலை இதைவிட மோசம். அவர்களில் பலர் ஒப்பந்த நிறுவனங்கள் ஊடாக வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் யாருடைய ஊழியர் என்ற கேள்விக்கு நல்ல நாளிலேயே தெளிவான பதில் இல்லை. வெள்ளம் வடிந்த மறுநாள், சேறு படிந்த மண்டபத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், உங்கள் வீட்டைக் கழுவி முடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். “இல்ல மிஸ், வராட்டி நாள் சம்பளத்த வெட்டிருவாங்க” என்றார். அவர் கழுவிய மண்டபத்தில் அன்று மாலை நிவாரணப் பொதிகள் அடுக்கப்பட்டன.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கலாம், கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதற்காக அல்ல. 2005 ஓகஸ்ட் இறுதியில் கத்ரினா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, அங்குள்ள துலேன் பல்கலைக்கழகம் ஒரு தவணை முழுவதும் மூடப்பட்டு 2006 ஜனவரியில்தான் திறந்தது. வகுப்பே நடக்காத அந்த மாதங்களில் தன் முழுநேர ஊழியர்களுக்கு அது சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. மீண்டும் திறந்த பின், சமூக சேவையைப் பட்டம் பெறுவதற்கான நிபந்தனைகளில் ஒன்றாகவும் ஆக்கியது. அதே நிர்வாகம்தான் 2005 டிசம்பரில் இருநூறுக்கும் மேற்பட்ட கல்விசார் பதவிகளைக் குறைத்து, பொறியியல் துறைகள் பலவற்றை மூடவும் முடிவெடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல மனம் இருப்பது போதாது, எழுதப்பட்ட பாதுகாப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் 2010, 2011 நிலநடுக்கங்களின் பின், கன்டர்பரி பல்கலைக்கழக மாணவர்கள் முகநூல் வழியாகத் திரண்டு, வீதிகளிலும் வளவுகளிலும் பொங்கி வந்த சேற்று மண்ணை ஆயிரக்கணக்கில் நின்று அள்ளினார்கள். அந்தத் தொண்டையும் அதைப் பற்றிய சிந்தனையையும் சேர்த்து, பல்கலைக்கழகம் பின்னர் மதிப்பலகுள்ள ஒரு பாடமாகவே வைத்தது. எங்கள் மாணவர்களும் சேறு அள்ளுகிறார்கள். அந்த உழைப்பு எங்கள் பாடத்திட்டத்தில் எங்கே பதிவாகிறது?

ஊருக்கு ஒரு பல்கலைக்கழகம் தரக்கூடிய மிகப் பெரிய உதவி, அதனிடம் மட்டுமே இருப்பது, அதாவது அறிவு. ஆழிப்பேரலையின் பின் எங்கள் கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போனதை நினைத்துப் பாருங்கள். இறைக்க இறைக்க உப்புப் போய்விடும் என்று நம்பி, தொண்டு நிறுவனங்களும் வீட்டுக்காரர்களும் நாட்கணக்கில் இயந்திரம் வைத்து இறைத்தார்கள். ஆனால் மணற்பாங்கான எங்கள் கரையில் நன்னீர் ஒரு மெல்லிய படையாகக் கீழேயுள்ள உவர் நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர் நீர்தான் மேலே ஏறும். சேற்றையும் குப்பையையும் அகற்றும் அளவுக்கு மெதுவாக இறைத்து, குளோரின் இட்டு, மிகுதியை மாரி மழைக்கு விட்டுவிட வேண்டும். இதை நிலவியலும் இரசாயனமும் விவசாயமும் படித்தவர்கள் முதல் வாரத்திலேயே ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இன்றும் வெள்ளம் வடிந்ததும் மக்கள் கேட்கும் முதற் கேள்வி, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதுதான். ஆய்வுகூடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு போத்தல் நீரைக் கொண்டுவந்தால் இத்தனை நாளில் முடிவு தருவோம் என்ற அறிவித்தல்தான் இல்லை. பயிரழிவு நட்டஈட்டுப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் கமநல சேவை நிலையத்து வாசலில் நிற்கும் விவசாயிக்கு அருகில் இரண்டு இறுதியாண்டு மாணவர்கள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், அது நூறு பொதிகளுக்குச் சமம். வாவி நிரம்பும்போதெல்லாம், நீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணல் திட்டை எப்போது வெட்டுவது என்று விவசாயிகளும் மீனவர்களும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். அந்த இடத்தில் நீர்மட்ட அளவீடுகளோடு பேசக்கூடிய பக்கச்சார்பற்ற குரல் பல்கலைக்கழகத்தின் குரலாகத்தான் இருக்க முடியும்.

விடுதிகளை மூடுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மழை கடுமையானதும் மாணவர்களை வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பான முடிவுபோலத் தெரியும். 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு பிள்ளைகள் இறந்ததை அம்பாறை மாவட்டம் மறக்காது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அங்கிருந்து ஒலுவிலுக்குக் காரைதீவு வழியாகப் போனால் அதே வயல்வெளியைத்தான் கடக்க வேண்டும். வீதி மூழ்கிய பின் விடுதியை மூடக் கூடாது என்பதும், வளாகத்துக்குள்ளேயே சில நாட்களுக்குச் சமைத்துப் போட அரிசியும் எரிவாயுவும் இருப்பில் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் இடம்பெற வேண்டும். வந்தாறுமூலை வளாகத்துக்கு அடைக்கலம் கொடுத்த வரலாறு உண்டு. போர்க்காலத்தில், 1990இல், பல்லாயிரம் பேர் அதற்குள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அந்த ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை என்பதும் அதே வரலாறுதான். அது இயற்கை செய்த அழிவு அல்ல. ஆனாலும் ஊர் எங்கே ஓடிவரும் என்பதை அந்த வளாகம் நன்றாக அறியும்.

பணத்துக்கு எங்கே போவது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றுநிருபம் இடங்கொடுக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் கேட்பதில் பெரும்பகுதிக்குப் பணமே தேவையில்லை. வருகைதரு விரிவுரையாளரின் தடைப்பட்ட மணித்தியாலங்களைப் பின்னர் ஈடுசெய்ய உறுதியளிக்கலாம். வீடு மூழ்கியவருக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் வந்து சேரும்வரை காத்திராமல் விசேட விடுமுறை கொடுக்கலாம். பரீட்சைக்கு வர முடியாமற்போன மாணவரின் பெறுபேற்றில் அது மறுதடவையாகப் பதியப்படாமல் பார்த்துக்கொள்ளலாம். துப்புரவு ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது, அனர்த்த நாட்களில் நாட்சம்பளம் வெட்டப்படாது என்று ஒரு வரி சேர்க்கலாம். உண்மையில் பணம் தேவைப்படுவது உடனடி உதவி நிதி ஒன்றுக்குத்தான். மாதாந்தம் சிறு தொகை கழித்துச் சேமிக்க ஊழியர் சங்கங்கள் முன்வந்தால் அதையும் தொடங்கலாம்.

வடகீழ்ப் பருவமழைக்கு முன் கூடும் பல்கலைக்கழகப் பேரவைக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி, அங்கே உறுப்பினராக இருக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே அமர்வில் பேச நேரம் கிடைக்காவிட்டால், மணித்தியாலக் கொடுப்பனவையும் துப்புரவு ஒப்பந்தத்தையும் முதலில் எடுங்கள்.