எண்ணெய் போட்டு அழுத்தி நீவ வேண்டாம்

யானைக்கால் நோயால் வரும் கால் வீக்கத்துக்கு நல்லெண்ணெய் விட்டு அழுத்தி நீவச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அங்கேதான் உடன்பாடில்லை. காலில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன, அழுத்தினால் மூடிக்கொள்ளும். தோல் லேசாக இழுபட்டால் போதும். தொடையிடுக்கில் தொடங்கி, தொடை, முழங்கால், பாதம் என்று இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவலும் மேல்நோக்கி. மேலே வழி விடாமல் கீழிருந்து தள்ளினால் நீர் எங்கே போகும்?

நீவுவதைவிட முக்கியம் தோல். பாம்பன், மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குப் பாறை கீறுவது புதிதல்ல. ஈரத்தில் ஊறிய விரலிடுக்கில் சேற்றுப்புண் வேறு. யானைக்கால் உள்ளவர்களுக்கு இந்த வெடிப்பு வழியாகத்தான் பாக்டீரியா நுழைந்து குளிர்காய்ச்சலும் நெறிகட்டும் வருகின்றன. அடிக்கடி வந்தால் வீக்கமும் கூடிக்கொண்டே போகும். கரைக்கு வந்ததும் சாதாரண சோப்பு போட்டுக் கையாலேயே கழுவுங்கள், பிரஷ் வேண்டாம். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, பிசுக்கு தோல் மடிப்பில் தங்கும். கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீராவது ஊற்றுங்கள். விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். வெள்ளையாக ஊறியிருந்தால் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக் களிம்பு போடுங்கள்.

காய்ச்சல் வந்தால் நீவல், கட்டு, பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போகவேண்டும். ஈரத்துணி போடலாம், சூட்டு ஒத்தடம் கூடாது (இந்தப் பழக்கம்தான் நம்ம பக்கம் போகவே மாட்டேன் என்கிறது). யானைக்கால் நோய்க்கு அரசு கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை, ரத்தத்திலுள்ள யானைக்கால் புழுவின் குஞ்சுகளைக் கொல்லும், வீங்கிய காலைச் சுருக்காது.

இன்னொன்று: ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்தக் காலை நீவவே கூடாது.