சுங்க வரியைக் கட்டுவது சீனா அல்ல, இறக்குமதியாளர்

2018 முதல் அமெரிக்கா விதித்த கூடுதல் சுங்க வரியைச் சீன அரசே அமெரிக்கக் கருவூலத்தில் செலுத்தியது என்று நண்பர் எழுதியிருப்பது தவறு. பலரும் இதை அப்படியே நம்பிவிடுவதால் திருத்த வேண்டியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் 1,00,000 டாலர் மதிப்புள்ள சீன மின்மோட்டார்களுடன் ஒரு கண்டெய்னர் வந்திறங்குவதாக வைத்துக்கொள்வோம். 25 சதவீதக் கூடுதல் வரியான 25,000 டாலரை அமெரிக்கச் சுங்கத் துறையிடம் கட்ட வேண்டியவர் அந்தச் சரக்கை வரவழைத்த இறக்குமதியாளர்தான். பெய்ஜிங்கிலிருந்து ஒரு காசும் வருவதில்லை.

சீன ஏற்றுமதியாளர் விலையைக் குறைத்துச் சுமையில் ஒரு பங்கை ஏற்றிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால், 2018ஆம் ஆண்டின் இறக்குமதி விலைகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெடிங், டேவிட் வைன்ஸ்டீன் ஆகியோர், அந்தச் சுமை ஏறத்தாழ முழுவதும் அமெரிக்க நிறுவனங்கள் மீதும் நுகர்வோர் மீதுமே விழுந்ததைக் கண்டறிந்தனர்.

சீனாவுக்கு இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆர்டர்கள் வியட்நாமுக்கும் மெக்சிகோவுக்கும் நகர்ந்தன. அதே வேளையில், 2018 ஜூலையில் அமெரிக்கச் சோயா பீன்ஸுக்குச் சீனா 25 சதவீதப் பதிலடி வரி விதித்ததும் கொள்முதல் பிரேசில் பக்கம் திரும்பியது. நொந்துபோன உழவர்களுக்காக அமெரிக்க அரசு 2018இல் 1,200 கோடி டாலர் வரையிலும், 2019இல் 1,600 கோடி டாலர் வரையிலும் உதவித் திட்டங்களை அறிவிக்க நேர்ந்தது.